"நூறு சதவீதமும் மருத்துவமனைக்கே" என்று எழுதியவர்கள் பதில் சொல்லட்டும்

எதிர்க்காற்று:
அடுத்த மாதச் சைக்கிள் பயணத்துக்கான அழைப்பை மலைமிதி நேற்று இங்கே போட்டிருந்தார். ஐந்து நாள், ஐந்நூறு கிலோமீட்டர். திரளும் பணம் வெளிநாட்டில் இருக்கும் இரண்டு மாவட்ட மருத்துவமனைகளுக்கு. சைக்கிள் ஓட்டுவதிலும் நிதி திரட்டுவதிலும் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கடைசி வரி இருக்கிறதே, "நீங்கள் தரும் பணத்தில் நூறு சதவீதமும் மருத்துவமனைக்கே", அதைப் படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. பின்னால் வரும் வேனுக்கு டீசல் போட வேண்டுமா, இல்லையா? ராத்தங்க அறை? முதலுதவி வண்டி? காப்பீடு? கார்டில் பணம் கட்டினால் இடையில் இருக்கும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது, அது? நாடு விட்டு நாடு அனுப்பும்போது வங்கி பிடிப்பதும் நாணயமாற்றில் கரைவதும்? இவ்வளவும் போன பிறகு நூறு நூறாகவே இருக்குமா? எழுதியவர் வந்து சொல்லட்டும்.

மலைமிதி:
அண்ணா, அழைப்பை முழுதாகப் படித்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. வேன், தங்குமிடம், முதலுதவி வண்டி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் ஓட்டுபவர்கள் கட்டும் பதிவுக் கட்டணத்தில் நடக்கிறது. ஜெர்சி ஸ்பான்சர் செலவு. நன்கொடைக்குத் தனி வங்கிக் கணக்கு. அதில் இருந்து யாரும் ஒரு காசு தொடுவதில்லை. நூறு சதவீதம் என்றால் நூறு சதவீதம்தான்.

எதிர்க்காற்று:
ஆறு கேள்வி கேட்டேன், நாலுக்குப் பதில் வந்திருக்கிறது. கார்டு கட்டணமும் வங்கிக் கட்டணமும் எங்கே? "யாரும் தொடுவதில்லை" என்கிறீர்கள். வங்கி தொடுகிறதே! அப்புறம் எப்படி நூறு?

கணக்குப்பிள்ளை:
தணிக்கை வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். முதலில் எதில் நூறு சதவீதம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நன்கொடையாளர் கொடுத்த தொகையிலா, கணக்குக்கு வந்து சேர்ந்த தொகையிலா, செலவு போக மிஞ்சியதிலா? மூன்றும் வேறு வேறு. அதைச் சொல்லாமல் சண்டை போட்டால் விடியாது.

அப்புறம், இப்படிச் சொல்வது உலகத்தில் இல்லாத அதிசயமும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-இல் பில்லி ஸ்டார் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணம் முதல் ஆண்டில் திரட்டியது 10,200 டாலர். இன்று மொத்தம் நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுபவர்கள் திரட்டும் ஒவ்வொரு டாலரும் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கே போகிறது என்று அவர்கள் 2007-இல் இருந்து சொல்லிவருகிறார்கள். நடத்தும் செலவைப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும் ஏற்கிறார்கள். ஓட்டுபவர் தலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டதைத் திரட்டவில்லை என்றால் மிச்சத்தை அவர் கார்டில் இருந்தே எடுத்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குக் கட்டுக்கோப்பு.

மலைமிதி:
நன்றி சார். நாங்களும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறோம்.

எதிர்க்காற்று:
அதே முறையா? டேனா-ஃபார்பர் பாஸ்டனில் இருக்கிறது. சைக்கிள் ஓடுவதும் அதே மாநிலத்தில். அங்கே நாணயமாற்று எங்கே வந்தது, எல்லை தாண்டும் வங்கிக் கட்டணம் எங்கே வந்தது? அவர்கள் பின்னால் பெரிய ஸ்பான்சர்கள் நிற்கிறார்கள். உங்கள் ஸ்பான்சர் ஜெர்சிக்கு மட்டும் காசு கொடுத்திருக்கிறார். நீங்கள் அனுப்புவதோ வேறு நாட்டுக்கு, அதுவும் இரண்டு மருத்துவமனைகளுக்கு. அவர்கள் நூறு என்று எழுதுவதும் நீங்கள் நூறு என்று எழுதுவதும் ஒன்றா? கணக்குப்பிள்ளை ஐயா, மூன்று வகை என்று பிரித்தீர்கள், நல்லது. எனக்கு வகை வேண்டாம். நூறு என்று எழுதியது யார், எதை நம்பி எழுதினார், அது போதும்.

கணக்குப்பிள்ளை:
வகை வேண்டாம் என்றால் பதிலும் கிடைக்காது.

பழையஹேண்டில்பார்:
இந்த நூறு சதவீதப் பேச்சே அடிப்படையில் தவறு என்பது என் கட்சி. செலவே செய்யாமல் நிதி திரட்டு என்று சொல்வது, உழாமல் அறுவடை செய் என்று சொல்வது போலத்தான். 1994-இல் டேன் பலோட்டா என்பவர் தன் நிறுவனம் மூலம் கலிபோர்னியாவில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரைக்கும் எய்ட்ஸ் நிதிக்காகச் சைக்கிள் பயணம் தொடங்கினார். பிறகு மார்பகப் புற்றுநோய்க்காக நடைப்பயணங்களும் சேர்ந்தன. தங்கள் செலவு 40 சதவீதம் என்று அவரே 2013-இல் மேடையில் சொன்னார். அந்தச் செலவைக் காட்டித்தான் பத்திரிகைகள் அவரை வறுத்தன, 2002-இல் நிறுவனமே மூடப்பட்டது. அந்த ஒரு ஆண்டில் மட்டும் செலவு போக மார்பகப் புற்றுநோய்க்கு 7.1 கோடி டாலர் கிடைத்திருந்தது என்றும், மறு ஆண்டில் ஆய்வுக்கான நிகரத் தொகை 84 சதவீதம் சரிந்தது என்றும் அதே மேடையில் சொன்னார். நோயாளிக்கு எது முக்கியம்? சிறிய தொகையில் நூறு சதவீதமா, பெரிய தொகையில் அறுபதா?

எதிர்க்காற்று:
அது பலோட்டாவே தன் கட்சிக்குச் சொன்ன கணக்கு. அதை விடுங்கள். அவர் நாற்பது செலவு என்று மேடையில் நின்று சொன்னார் அல்லவா? மறைக்கவில்லை அல்லவா? நான் கேட்பதும் அதுதானே! மலைமிதி தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எழுதியது நூறு.

இன்னொன்றும் சொல்கிறேன். பலோட்டா மூடிய அதே 2002-இல் இருந்து அதே வழித்தடத்தில் எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் என்ற பயணம் நடந்தது. 545 மைல். 2025 ஜூனில் அதுவும் கடைசி ஓட்டம் ஓடி நின்றுவிட்டது. காரணமாகச் சொன்னது என்ன? நடத்தும் செலவு ஏறுகிறது, கலந்துகொள்பவர்கள் குறைகிறார்கள். அத்தனை பேரும் புகழும் இருந்த பயணத்தையே செலவு சாய்த்திருக்கிறது. இங்கே செலவே இல்லை என்கிறார்கள்.

மலைமிதி:
செலவே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? செலவு நன்கொடையில் இருந்து போகவில்லை என்று சொன்னேன். வேண்டுமென்றே திரிக்கிறீர்கள்.

எதிர்க்காற்று:
கார்டு கட்டணம் எந்தக் கணக்கில் இருந்து போகிறது? ஒரே ஒரு வரி.

இரவுப்பணி:
நான் செவிலியர். சதவீதத்தில் இவ்வளவு மூச்சை விடுகிறீர்கள், போய்ச் சேர்ந்த பணம் என்ன ஆகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனைக்கு வெளிநாட்டு நன்கொடையில் நோயாளிக் கண்காணிப்புக் கருவிகள் வந்தன. படம் எடுத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் சென்சார் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போனது. அந்த மாடலுக்கு மாற்று சென்சார் அந்த நாட்டிலேயே கிடைக்கவில்லை. கடைசியில் கருவிகள் ஸ்டோர் அறையில் துணி போர்த்தி நின்றன. அந்தப் பணமும் நூறு சதவீதம் மருத்துவமனைக்குப் போனதுதான்!

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 16 நாடுகளின் கருவிப் பட்டியல்களைத் திரட்டி 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் ஏறத்தாழ 38 சதவீதம் இயங்காமல் கிடந்தன. பயிற்சி பெற்ற ஆள் இல்லை, பராமரிப்பு ஏற்பாடு இல்லை, மின்சாரமும் மற்ற அடிப்படை வசதிகளும் சரியில்லை. உலகச் சுகாதார நிறுவனமும், சில நாடுகளில் நன்கொடையாக வரும் கருவிகளில் 10 முதல் 30 சதவீதம்தான் பயன்பாட்டுக்கே வருகிறது என்று எழுதியிருக்கிறது. 110 வோல்ட் கருவியை 230 வோல்ட் நாட்டுக்கு அனுப்பி முதல் நாளே புகைய விட்டவர்களும் உண்டு. மலைமிதி, நீங்கள் கருவி வாங்கித் தருகிறீர்களா, பணமாகத் தருகிறீர்களா?

மலைமிதி:
அக்கா, மருத்துவமனை கேட்ட பட்டியல்படிதான். ஆக்சிஜன் செறிவூட்டிகளும் கண்காணிப்புக் கருவிகளும்.

இரவுப்பணி:
செறிவூட்டிக்கு வடிகட்டி மாற்ற வேண்டும். உள்ளே நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும் ஜியோலைட் என்ற பொருளில் ஈரம் ஏறினால் வெளியே வரும் ஆக்சிஜனின் செறிவு குறைந்துவிடும், மீட்டரில் காற்று ஓட்டம் மட்டும் சரியாகவே காட்டும். செறிவை அளந்து பார்க்கத் தனிக் கருவி வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் வைக்கவே கூடாது. இதெல்லாம் பட்டியலில் இருக்கிறதா? பராமரிப்புக்கு எத்தனை ஆண்டுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? உள்ளூர் டெக்னீஷியன் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்கும் செலவு?

எதிர்க்காற்று:
பார்த்தீர்களா! பயிற்சிச் செலவு, ஸ்டெபிலைசர் செலவு. இதெல்லாம் நூறுக்குள் வருமா, நூறுக்கு வெளியே வருமா?

இரவுப்பணி:
ஐயா, நான் சொன்னதை உங்கள் நூறு சதவீதச் சண்டைக்கு முட்டுக்கொடுக்க எடுக்காதீர்கள். அந்தச் செலவுகள் அதிகமாக வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நீங்கள் செலவு என்று கேட்டாலே பாய்கிறீர்கள். உங்களைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் பராமரிப்புக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை.

பழையஹேண்டில்பார்:
இதைத்தான் நானும் சொன்னேன்.

எதிர்க்காற்று:
நான் செலவைக் கேட்டுப் பாயவில்லை அம்மா. பொய்யைக் கேட்டுப் பாய்கிறேன்.

மலைமிதி:
பொய் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். விடுமுறையைத் துறந்து, குடும்பத்தை விட்டுவிட்டு, வெயிலில் மிதிக்கிறோம். எங்கோ ஒரு வார்டில் மூச்சுத் திணறும் குழந்தைக்காக. உட்கார்ந்த இடத்தில் இருந்து பொய் என்று தட்டச்சு செய்ய உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

செயின்ராஜா:
"மிதிக்கிறோம்" என்று பன்மையில் சொல்லாதீர்கள் மலைமிதி. போன பயணத்தில் நீங்கள் ஓட்டியது மின்சார சைக்கிள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஸ்பான்சர் வாங்கிவிட்டு மேட்டில் மோட்டாரைப் போட்டு ஏறியதைப் பின்னால் இருந்து பார்த்தவன் நான்.

மலைமிதி:
முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் அனுமதித்தது அவ்வளவுதான். அது 250 வாட், மிதித்தால்தான் உதவும், 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிடும். ஐரோப்பாவில் சட்டமே அதைச் சாதாரணச் சைக்கிளாகத்தான் எடுத்துக்கொள்கிறது.

செயின்ராஜா:
ஐரோப்பியச் சட்டம் எனக்கு எதற்கு? ஸ்பான்சர்களிடம் சொன்னீர்களா?

மலைமிதி:
உங்கள் கோபம் சைக்கிள் மேல் இல்லை. உங்களுக்கு டயர் பஞ்சரானபோது குழு நிற்காமல் போனதில் இருக்கிறது. அதை நேராகச் சொல்லுங்கள்.

செயின்ராஜா:
ஆமாம், அதுவும்தான். "யாரையும் பின்னால் விட மாட்டோம்" என்று அழைப்பில் போட்டீர்கள். விட்டீர்கள். இப்போது நூறு சதவீதம் என்று போடுகிறீர்கள். எதை நம்புவது?

எதிர்க்காற்று:
செயின்ராஜா, மின்சார சைக்கிளைத் தனித் திரியில் பேசுங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான். கார்டு கட்டணம், வங்கிக் கட்டணம், நாணயமாற்று. நூறு என்று எழுதியது யார்?

செயின்ராஜா:
எங்கே பேச வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். இந்தத் திரியில் பாதிக்கு மேல் உங்கள் பதிவுகள்தான்.

கணக்குப்பிள்ளை:
பிரிட்டனில் ஒரு விதி உண்டு. இப்படிப்பட்ட வெளிநாட்டுச் சவால் பயணத்துக்கு ஆகும் செலவை அறக்கட்டளையே ஏற்றால், ஓட்டுபவரும் அவருடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர்களும் கொடுக்கும் நன்கொடைக்கு, அதனால் அவருக்குக் கிடைக்கும் பயன் வரம்பைத் தாண்டும்போது, கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகை கிடைக்காது. நன்கொடையில் பவுண்டுக்கு 25 பென்ஸ் என்று அரசு அறக்கட்டளைக்குச் சேர்த்துத் தருவது போய்விடும். அதாவது ஓட்டுபவருக்குக் கிடைக்கும் பயணமும் ஒரு பயன்தான் என்று அரசே எடுத்துக்கொள்கிறது. மலைமிதி, பதிவுக் கட்டணம் உண்மையான செலவை முழுதாக ஈடுகட்டுகிறதா? வரவு செலவுப் பக்கம் ஒன்றைப் போட்டுவிட்டால் முடிந்தது.

மலைமிதி:
பயணம் முடிந்ததும் போடுவோம் என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

எதிர்க்காற்று:
நூறு சதவீதத்தை மட்டும் பயணத்துக்கு முன்பே போட முடிந்தது. கணக்கு மட்டும் பிறகா?

மலைமிதி:
சரி, கேளுங்கள். கார்டு கட்டணத்தை நன்கொடையாளரே விரும்பினால் சேர்த்துக் கட்டலாம், பக்கத்திலேயே ஒரு கட்டம் இருக்கிறது, டிக் செய்தால் போதும். வங்கிக் கட்டணத்தைக் குழுவில் ஒருவர் சொந்தக் கையில் இருந்து கட்டுகிறார். பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. இப்போதாவது நூறு சதவீதம் என்று ஏற்பீர்களா?

எதிர்க்காற்று:
விரும்பினால் என்றால், விரும்பாதவர்கள் பணத்தில்? டிக் செய்யாதவர் கொடுத்ததில் கட்டணம் பிடித்துக்கொண்டுதானே மிச்சம் வரும்? அப்போது நூறு எங்கே போயிற்று? நாணயமாற்றில் கரைவதை யார் கட்டுகிறார்? அதையும் பெயர் சொல்ல விரும்பாத ஒருவரா?

மலைமிதி:
உங்களுக்குக் கணக்கு வேண்டாம், வம்பு வேண்டும்.

இரவுப்பணி:
ஸ்டெபிலைசர் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையஹேண்டில்பார்:
வராது. எல்லாருக்கும் நூறுதான் முக்கியம்.

செயின்ராஜா:
இந்த முறை எந்தச் சைக்கிள், மலைமிதி?

மலைமிதி:
என் முழங்கால், என் சைக்கிள். அக்கா, பட்டியலை மருத்துவமனையிடம் திரும்பக் கேட்டு உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். மற்றவர்களுக்கு இனி பதில் சொல்வதாக இல்லை.

எதிர்க்காற்று:
தனியாக எதற்கு? பணம் பொதுவில் கேட்டீர்கள், பட்டியலும் பொதுவில் வரட்டும். பதில் சொல்லாவிட்டால் போகட்டும், அந்த வரி இன்றைக்கும் அழைப்பில் அப்படியே இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நூறு சதவீதம், தடித்த எழுத்தில். அதை எடுக்கும் வரை உங்கள் ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் இதையே கேட்பேன்.