வேலைக்கு முன்னால் இருபது நிமிடம்

பொழுதுபோக்காகத் தச்சு வேலை செய்கிறேன், அதில் என் அனுபவத்தைச் சொல்கிறேன். பெங்களூரு அல்சூரில் வீட்டு மொட்டைமாடிதான் என் பட்டறை. வாரம் முழுக்க லேப்டாப், சனி ஞாயிறு மரம். முதல் வருடம் மரத்தோடு மல்லுக்கட்டுதான். உளி இறங்காது, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) ஓங்கி அடிப்பேன், ஓரம் பிய்ந்துகொண்டு வரும்.

அந்த மழைக்காலத்தில் குளியலறைக் கதவு உப்பி நிலையில் முட்ட ஆரம்பித்தது. ஸ்ரீராமபுரத்திலிருந்து தச்சு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார், வேலூர்ப் பக்கம் சொந்த ஊராம். கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை. மரத்தைச் சீவும் இழைப்புளியின் பிளேடைக் கழற்றி, தீட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்து, தரையில் உட்கார்ந்து இருபது நிமிடம் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னங்கய்யா, ஆரம்பிக்கலையா?" என்றேன். "இதுவும் வேலைதான் தம்பி. பாதிக் கதவு போனதும் மழுங்கிடும், மறுபடி உட்காருவேன்." சொன்னபடியே உட்கார்ந்தார். நடுவில் அவர் இழைத்தபோது வந்த சுருள், வெங்காயத் தோல் மாதிரி, வெளிச்சம் ஊடுருவும் அளவு மெலிசு.

அன்றிலிருந்து தீட்டாமல் நான் மரத்தைத் தொடுவதில்லை. உளியில் 25 டிகிரி சரிவு, நுனியில் மட்டும் 30. 1000 நம்பர் தீட்டுக்கல்லில் தேய்த்துக்கொண்டே போனால் பின்பக்கம் மெல்லிய பிசிறு எழும், கட்டைவிரலை விளிம்புக்கு வெளிப்பக்கமாக நகர்த்தினால் தட்டுப்படும். அது அகலம் முழுக்க எழுந்த பிறகுதான் இன்னும் நைசான 6000 நம்பர் கல்லுக்குப் போவேன், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு. பைன் கட்டையின் வெட்டு முனையைச் சீவிப் பார்த்தால் தெரிந்துவிடும்: மழுங்கிய உளி நாரை நசுக்கிப் பொடியாக்கும், கூரானது வழவழவென்று விட்டுப்போகும். தேக்கில் வேலை என்றால் அடிக்கடி தீட்டத்தான் வேண்டும், அதில் சிலிக்கா இருக்கிறது.

இன்னொன்று, பொறுமை. மைசூர் ரோடு மரக்கடையில் வாங்கும் துண்டுகளை இரண்டு வாரமாவது வீட்டில் அடுக்கி வைத்த பிறகே அறுப்பேன். ஈரத்துக்கு ஏற்ப மரம் அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். நீளத்தில் அசைவே தெரியாது. இது புரியாமல் அம்மாவுக்குச் செய்த அஞ்சறைப்பெட்டியின் மூடிப் பலகையை நான்கு பக்கமும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிட்டேன். மார்ச் மாத வறட்சியில் சுருங்க வழியில்லாமல் நடுவில் பிளந்துவிட்டது. ரொம்ப வருத்தமாக இருந்தது.

வேலை முடிக்கும்போது கால் மணி நேரம் மரத்தூளைக் கூட்டுவதற்கு, உளிகளைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பதற்கு. உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 மாஸ்க் கட்டாயம். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில் வைத்திருக்கிறது. தயவுசெய்து யாரும் இதில் அசட்டையாக இருக்காதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு இரண்டாவது அஞ்சறைப்பெட்டி. மூடிப் பலகை இந்த முறை பசை இல்லாமல் சட்டத்தில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) சும்மா உட்கார்ந்திருக்கிறது, அகலவாக்கில் இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி.