பால்மோரியா ஊற்றில் டிசம்பரில் குளிக்கலாமா?

ஊர்சுற்றி:
டிசம்பர் விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து குடும்பத்தோடு மேற்கு டெக்சாஸ் போகிறோம். வழியில் பால்மோரியா மாநிலப் பூங்காவில் சான் சாலமன் ஊற்று இருக்கிறதே, அதைச் சிலர் வெந்நீர் ஊற்று என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். ஆறு வயதுப் பையனை அந்தக் குளிரில் இறக்கலாமா?

எல்பாசோவாசி:
வெந்நீர் இல்லைங்க. வருஷம் முழுக்க 22 முதல் 24 டிகிரி செல்சியஸ்தான். கோடையில் அது குளுகுளு, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. நான் போனது ஒரு ஜனவரி காலை, சுற்றிலும் காய்ந்த புல்வெளியில் உறைபனி, தண்ணீர்மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும்வரை சுகம், மேலே ஏறியதும் பல் தந்தியடித்துவிட்டது, துண்டைப் படிக்கட்டிலேயே வையுங்கள். ஆழம் 25 அடி வரை போகும், உயிர்காக்கும் ஆள் கிடையாது, அதனால் பையனுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். அனுமதிச் சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

வறண்டநிலம்:
சூட்டுக்குக் காரணம் ஆழம்தான். சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் கீழே கிடந்து ஊர்ந்து வரும் தண்ணீர் அது, அதில் பனியுக காலத்து மழையும் கலந்திருக்கிறது. நாளைக்கு ஏறக்குறைய 1.5 கோடி கேலன் பொங்குகிறது, குளத்திலிருந்து வாய்க்கால் வழியாக வயலுக்கும் போகிறது. 1930-களில் வேலையில்லா இளைஞர்களை வைத்து அரசு கட்டிய குளம், ஆனால் ஊற்று பொங்கும் ஆழமான பகுதியின் அடியில் சிமெண்ட் போடவில்லை. நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தால் மணல் கொதிப்பதுபோல் புரளும்.

அப்புறம், படியில் உட்கார்ந்து காலை நனைத்தால் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் வந்து கொத்தும். அவற்றில் கமாஞ்சி ஸ்பிரிங்ஸ் பப்ஃபிஷ் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அதன் பெயரில் உள்ள ஊற்று இங்கே இல்லை, ஃபோர்ட் ஸ்டாக்டனில் இருந்தது. நிலத்தடி நீர் வரும் மேல்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்தார்கள், கீழ்ப்பக்கம் ஊற்றை நம்பியிருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு 1954-ல் தோற்றார்கள், 1961-க்குள் ஊற்று நின்றுபோனது. அங்கிருந்த மீனும் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. பையனிடம் அந்த மீனைக் காட்டுங்கள், பிடிக்க மட்டும் விடாதீர்கள்.

ஊர்சுற்றி:
நன்றி இருவருக்கும். ஃபோர்ட் ஸ்டாக்டன் எப்படியும் வழியில்தான் வருகிறது, அந்த வற்றிய ஊற்றையும் இறங்கிப் பார்த்துவிட்டே போகிறோம்.

வறண்டநிலம்:
பாருங்கள். பாசனம் நிற்கும் சில குளிர்காலங்களில் அங்கே தண்ணீர் மறுபடி கசியும், உங்களுக்குக் கிடைக்கட்டும்.