பக்கத்து வீட்டில் அம்மை: நமக்கு ஒட்டுமா, எப்படிக் கணக்கிடுவது?

கிராமச் செவிலியர், மேலூர் பக்கம்:
பங்குனி, சித்திரை வந்தால் எல்லாரும் கேட்பது இது: "அங்க அம்மை போட்டிருக்கு, நாங்க போய்ட்டு வந்தோம், வந்துருமா?" சின்னம்மை என்றால் முதலில் கேட்க வேண்டியது தேதி. முதல் முத்து எந்த நாள் தெரிந்தது? அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒட்டும். வாசலில் வேப்பிலை செருகிய நாளிலிருந்து எண்ணுகிறார்கள், அங்கேதான் கணக்கு தப்புகிறது. அதற்குள் பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் படுத்து எழுந்திருப்பார்கள்.

முடிவும் அப்படித்தான். மூன்றாம் தண்ணி ஊற்றியாச்சு என்று பள்ளிக்கு அனுப்பாதீர்கள். தலைமுடியைப் பிரித்துப் பாருங்கள், அக்குளைப் பாருங்கள். நீர் கோத்த முத்து ஒன்று மிச்சமிருந்தாலும் ஒட்டும். எல்லாம் பொருக்குத் தட்ட பெரும்பாலும் 5 முதல் 7 நாள் ஆகும்.

சுகாதார ஆய்வாளர், திருமங்கலம்:
அடுத்தது நெருக்கம். டியூஷன் அறை மாதிரி ஒரே அறையில் 15 நிமிடம், அல்லது முகம் பார்த்துப் பேச்சு என்றால் தொடர்புதான். ஒரே வீடு என்றால், முன்பு வராதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை பிடிக்கும். தெரிவது தொடர்பிலிருந்து 10 முதல் 21 நாளுக்குள். முத்துக்கு இரண்டு நாள் முன்பே ஒட்டும், ஆகவே 8ஆம் நாளிலிருந்து 21 வரை வளைகாப்பு வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

ஆய்வக நுட்பர், மதுரை:
"சின்ன வயசுலயே அம்மை வந்துருச்சு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் தட்டம்மையும் அம்மைதான், கழுத்து வீங்கும் அம்மைக்கட்டும் அம்மைதான். நீர் கோத்த முத்தா, அரித்ததா, நெற்றியில் குழித் தழும்பு உண்டா என்று பாட்டியிடம் கேளுங்கள். தடுப்பூசி அட்டை நிரம்பியிருப்பதும் போதாது: அரசின் இலவசப் பட்டியலில் தட்டம்மை-ரூபெல்லா உண்டு, சின்னம்மை இல்லை.

அக்கியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் இதே வைரஸ்தான். காவி குழைத்து அக்கி எழுதுகிற வேளார் கொப்புளத்தைத் தொடுகிறார். அவருக்குச் சின்னம்மை வந்ததில்லை என்றால் அவருக்கு ஒட்டலாம்.

கர்ப்பிணிக்குத் தொடர்பு, முன்பு வந்ததா என்பதும் தெரியவில்லை என்றால் அன்றே ஐஜிஜி ரத்தப் பரிசோதனை (எதிர்ப்புச் சக்தி உண்டா என்று காட்டுவது). எதிர்ப்பு இல்லையென்றால் மருத்துவர் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார் நிலையில் உள்ள எதிர்ப்புப் பொருள், தருவதை முடிவு செய்வார். தொடர்பிலிருந்து 10 நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பத்தில் சின்னம்மைத் தடுப்பூசி கூடாது. மற்றப் பெரியவர்களுக்கு, தொடர்பிலிருந்து 3 நாளுக்குள், தாமதித்தால் 5 நாள் வரை அந்தத் தடுப்பூசியைப் போடலாம்.

செவிலியர், மேலூர் பக்கம்:
ஒன்று விட்டுப்போனது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிருந்து 2 நாள் பின்புவரை தாய்க்கு முத்து கிளம்பினால் குழந்தைக்குப் பேராபத்து. உடனே பெரியாஸ்பத்திரி. ஆனால் வரிசையில் மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வேண்டாம். நுழையும்போதே "அம்மை" என்று சொல்லிவிடுங்கள், தனி இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.