கட்டற்ற மென்பொருளை (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) யாருக்காவது கொடுத்துப் பார்த்தீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

கிளிப்பச்சை
மூன்று வருடமாக உறுத்துகிறது, கொட்டிவிடுகிறேன். ஜிம்ப் என்பது போட்டோஷாப்புக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் படத் திருத்தி என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திருட்டு போட்டோஷாப்பைத் தொடுவதில்லை என்ற வீம்பில் மாமா மகளின் கல்யாணப் பத்திரிகையை அதில்தான் செய்தேன். அச்சுக்கு சிவகாசி. கட்டைப் பிரித்ததும் மாமா ஒரு பத்திரிகையை எடுத்து வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திரையில் கிளிப்பச்சையாக மின்னிய ஓரம், பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியைப் போல இருந்தது. “மாப்பிள்ளை, காசில்லாமல் கிடைக்கிறது என்றாயே, அது இதுதானா?” என்றார். அவ்வளவுதான். 800 பத்திரிகை. ஜிம்ப் வேலை செய்வது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளியான ஆர்ஜிபி நிறத்தில், அச்சு இயந்திரம் கேட்பது நான்கு மைகளின் கலவையான சிஎம்ஒய்கே என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

திருச்சிக்காரி
நான் 2008இல் +2. அப்போதைய கணினி அறிவியல் பாடநூலில் மைக்ரோசாஃப்ட் வேர்டு இல்லை, அதே வேலையைச் செய்யும் ஸ்டார் ஆபீஸ்தான். 200க்கு 187 வாங்கினேன். அந்தத் தைரியத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். வேர்டைத் திறந்து கடிதம் அடிக்கச் சொன்னார்கள். 2007 பதிப்பு. நான் படித்த மெனு எதுவும் மேலே இல்லை, பட்டையாகப் படங்கள். “எனக்கு ஸ்டார் ஆபீஸ் தெரியும் சார்” என்றேன். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “அந்த ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது அம்மா?” என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

லினக்ஸ் வாத்தியார்
கிளிப்பச்சை, கோபித்துக்கொள்ளாதீர்கள், தவறு உங்களுடையது. பளிச்சென்ற பச்சை சிஎம்ஒய்கே மையில் எந்த மென்பொருளில் செய்தாலும் மங்கத்தான் செய்யும். 800 அடிக்கும் முன் ஒரு கலர் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, கேட்டிருக்க வேண்டும். பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது, சிஎம்ஒய்கேயில் பிடிஎஃப் தரும். வரைவதற்கு கிரிட்டா, அதிலும் சிஎம்ஒய்கே உண்டு. அச்சகத்திடம் ஐசிசி புரொஃபைல், அதாவது அவர்கள் இயந்திரத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பைக் கேட்டு வாங்கி, அதை ஏற்றிக்கொண்டு திரையிலேயே மங்கலைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளைப் படமாக மாற்றாதீர்கள்.

திருச்சிக்காரி, பாடநூலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டார் ஆபீஸின் மூலநிரல்தான் 2000இல் ஓப்பன் ஆபீஸாக வெளிவந்தது. 2010இல் அதிலிருந்து பிரிந்ததுதான் இன்றைய லிப்ரே ஆபீஸ். நீங்கள் படித்தது வீண் இல்லை. கட்டற்ற மென்பொருள் ஓரிடத்தில் எடுபடாவிட்டால் குற்றம் அதனுடையது என்று சொல்லிவிட முடியாது; ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியைப் பாருங்கள். 2003இல் முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை விண்டோஸிலிருந்து கட்டற்ற இயங்குதளமான லினக்ஸுக்குக் கொண்டுபோனார்கள். 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென்று தீர்மானம் போட்டார்கள். அங்கே தோற்றது மென்பொருளா, அரசியலா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். என் கட்சி அரசியல்தான்.

என் அனுபவம்: வீட்டுக் கணினியில் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு போட்டேன். மனைவி தனிக் கணினி வாங்கிக்கொண்டார்.

கிளிப்பச்சை
ஐயா, ஐசிசி புரொஃபைல் பற்றி மாமாவிடம் நீங்களே பேசுங்கள். எண் தருகிறேன்.

திருச்சிக்காரி
வீண் என்று நான் சொல்லவே இல்லை. வேலை கிடைக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

சொல்லாக்கி
படித்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். வாத்தியாரின் கடைசி வரி என்னையும் எழுத வைத்துவிட்டது.

ஓய்வு நேரத்தில் மென்பொருள் இடைமுகங்களைத் தமிழாக்குகிறவன் நான். ஒரு சொல்லுக்காக இரவு முழுக்க நண்பர்களோடு சண்டை போட்டதுண்டு. அத்தை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெருமையாக லிப்ரே ஆபீஸைத் தமிழிலேயே போட்டுக் கொடுத்தேன்.

மறுவாரம் போனால் கடையில் ஏழெட்டுப் பேர் வரிசை. அத்தையின் சுட்டுவிரல் திரைமேல் இங்கும் அங்கும் அலைகிறது. “பிரிண்ட்டை எங்கேடா ஒளித்து வைத்தாய்?” அவர் விரலுக்கு நேர் கீழேதான் இருந்தது, “அச்சிடு” என்று. காட்டினேன். “அச்சு என்றால் எனக்கு முறுக்கு அச்சுதான் தெரியும்” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

அமைப்புக்குள் போய் ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மூடித் திறந்ததும் “பிரிண்ட்” வந்துவிட்டது. அத்தை இன்றுவரை லிப்ரே ஆபீஸில்தான் கடை நடத்துகிறார். அதன் பெயரைக் கேட்டால் “வேர்டு” என்பார்.