மலைப்பாதையில் கேட்க ஒலிப்புத்தகம் சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறேன், காதில் எப்போதும் கதைதான். பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ரெண்டு தடவை முடித்தாச்சு. 1950-இல் தொடராக ஆரம்பித்த கதை என்பதால் அத்தியாயம் முடிகிற இடத்திலெல்லாம் ஒரு கொக்கி, காதுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும். மாயாஜாலக் கதைகள் அப்படியில்லை, இருபது பெயர், ஏழு நாடு, பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவும் வழியில்லாமல் ஆரியங்காவு வளைவு வருவதற்குள் யார் யாருடைய மகன் என்றே மறந்துபோகிறது.

அப்புறம், வாசிப்பவர் பெண் குரலுக்காகக் கீச்சிடுவது வேண்டாம் சாமி.

எங்கள் ஊரே முன்பு திருவிதாங்கூரில்தான், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, அவர் டச்சுக்காரர்களை வென்ற 1741 குளச்சல் போர் பற்றி நிதானமான குரலில் தமிழில் ஏதாவது இருக்கிறதா? பெயர்கள் குறைவான மாயாஜாலக் கதை ஒன்றும் சொல்லுங்கள். மலையில் சிக்னல் போய்விடும், டவுன்லோட் செய்ய முடிகிறதாக இருக்கட்டும்.