காப்பீடு 14 சதவீதமா, 41 சதவீதமா? மனுவில் எதைப் போடுவது?

பனியன்கணக்கு:
திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சூப்பர்வைசர், ஆபீஸ் ஸ்டாஃப் என்று 22 பேர் சேர்ந்து குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் கேட்டு முதலாளிக்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம், எழுதுகிற வேலை என் தலையில் விழுந்துவிட்டது. போன மாதம் எங்கள் கட்டிங் சூப்பர்வைசருக்குப் பித்தப்பையில் கல். தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார், பில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பக்கம், அவர் மனைவியின் செயின் இப்போது அடகுக்கடையில் இருக்கிறது.

மனுவில் இரண்டு புள்ளிவிவரம் போட்டால் கனமாக இருக்கும் என்று தேடினேன், தலை சுற்றிவிட்டது. ஒரு சர்வே கிராமத்தில் 14 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 19 சதவீதம் பேருக்கும்தான் காப்பீடு இருக்கிறது என்கிறது. இன்னொன்று 41 சதவீதம் என்கிறது. இரண்டும் அரசாங்க சர்வேதான். அப்புறம் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தடவை சேர்ந்தால் சராசரிச் செலவு 31,845 ரூபாயாம், எங்கள் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னால் என்னைத் துரத்தி அடிப்பார். இதில் எதை நம்புவது?

களப்பணி_பழையஆள்:
இரண்டுமே சரிதான் தோழர், கேட்ட கேள்விதான் வேறு. நான் கொஞ்ச காலம் ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவன், அதனால் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

14, 19 என்பது தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று, 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை எடுத்தது. அதில் தலைக்கணக்கு, வீட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் மருத்துவச் செலவுக்கு ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று கேட்பார்கள். 41 என்பது தேசியக் குடும்ப நல ஆய்வு, ஐந்தாவது சுற்று, 2019-21. அது வீட்டுக்கணக்கு. ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஒரே ஒருத்தருக்குக் காப்பீடு இருந்தாலும் அந்த வீடு முழுசாக 'உண்டு' பக்கம் போய்விடும். போதாததற்கு நடுவில் 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது, முதல் சர்வே முடிந்த மூன்றாவது மாதம். பிறகு எப்படி ஒத்துப்போகும்? உங்கள் முதலாளி கெட்டிக்காரராக இருந்தால் அந்த 41-ஐயும் விட்டுவிட்டு, அதே ஆய்வில் தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் காப்பீடு உண்டு என்று இருப்பதை எடுத்து வீசுவார், தயாராக இருங்கள்.

இன்னொன்று, இது எந்த அட்டவணையிலும் தெரியாது. ஒரு வீட்டில் பாட்டியிடம் "மருத்துவக் காப்பீடு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு சாமி" என்றார். 'இல்லை' என்று எழுதிவிட்டு ரேஷன் கார்டு கேட்டேன், ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார், ரேஷன் கார்டோடு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் விழுந்தது. அதை அவர் 'ஆபரேசன் கார்டு' என்றுதான் சொன்னார். அடித்துத் திருத்தினேன். திருத்தாமல் போன வீடு எத்தனையோ.

31,845-க்கு வருகிறேன். அதுவும் 75-வது சுற்றில் வந்ததுதான், பிரசவம் சேராது. அரசு ஆஸ்பத்திரியில் அதே சராசரி 4,452. இது நாடு முழுக்க, சின்ன டவுன் நர்சிங் ஹோமில் இரண்டு நாள் ட்ரிப்ஸ் ஏற்றியவரும் பெருநகரத்தில் இதய ஆபரேஷன் செய்தவரும் ஒரே சட்டியில் கிண்டிய சராசரி. போக்குவரத்து, கூட இருந்தவர் சாப்பாடு எல்லாம் இதற்கு வெளியே. விலையும் 2017-18 விலை. ஒருத்தருடைய பில்லோடு ஒப்பிட இது ஆகாது. அரசுக்கும் தனியாருக்கும் ஏழு மடங்கு வித்தியாசம் என்று காட்ட வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில்கவுண்டர்அக்கா:
நான் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்கில் உட்கார்ந்திருக்கிறவள். சதவீதம் கிடக்கட்டும் தம்பி, கார்டு இருப்பது வேறு, காசு மிச்சமாவது வேறு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஓபி சீட்டு, இதெல்லாம் பெரும்பாலும் எந்தக் கார்டிலும் வராது, மாதாமாதம் கையை அரிப்பது அதுதான்.

குரூப் பாலிசி கேட்கிறீர்கள் என்றால் ரூம் வாடகை வரம்பை முதலில் பாருங்கள். ஒரு நாளைக்கு 3,000 என்று போட்டிருப்பார்கள், நீங்கள் 6,000 ரூபாய் ரூமில் படுத்திருப்பீர்கள். வாடகையில் பாதிதானே போகும் என்று நினைப்போம். கிடையாது. டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் கழிப்பார்கள், மருந்து, உடம்புக்குள் வைக்கிற இம்ப்ளாண்ட், டெஸ்ட் செலவு மாதிரி சிலதுதான் தப்பிக்கும். டிஸ்சார்ஜ் அன்றைக்கு என் மேஜைக்கு முன்னால் நடக்கிற சண்டையில் பெரும்பாதி இதுதான். திட்டு எனக்கு! அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு முதல் நாளிலிருந்தே உண்டா, இந்த இரண்டையும் மனுவிலேயே எழுதுங்கள்.

பனியன்கணக்கு:
அக்கா, ரூம் வாடகை விஷயம் சத்தியமாகத் தெரியாது. நன்றி. இன்னொரு சந்தேகம். முதலாளி மகன் எம்பிஏ படித்தவர், பேச்சுவாக்கில் "இப்போ ஜனங்க கைக்காசு செலவே 39 சதவீதத்துக்கு இறங்கிடுச்சே" என்றார். அது உண்மையா?

ஓரமா_நிக்கிறேன்:
எண் உண்மைதான். தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேராகக் கையிலிருந்து போட்டது 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4. அரசின் பங்கு அதே காலத்தில் 28.6-லிருந்து 48-க்கு ஏறியது. ஆனால் அது பங்கு, ரூபாய் இல்லை. கொரோனா வருடங்களில் அரசு ஊசிக்கும் படுக்கைக்கும் கொட்டியதால் கீழே இருக்கும் மொத்தம் பெருத்தது, மேலே இருக்கும் மக்கள் பங்கு சதவீதத்தில் இளைத்துத் தெரிகிறது. காசில்லாமல் வைத்தியத்துக்கே போகாதவன் செலவும் பூஜ்யம்தான், அதுவும் இந்தக் கணக்கில் நல்ல செய்தியாகிவிடும். 39 சதவீதமும் ஒன்றும் சின்ன எண் இல்லை என்று எம்பிஏவிடம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் 22 பேருக்கு இஎஸ்ஐ, அதான் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இல்லையா? அதை யாரும் கேட்கவே இல்லையே.

பனியன்கணக்கு:
டெய்லர், ஹெல்பர் எல்லாருக்கும் இஎஸ்ஐ உண்டு. நாங்கள் 22 பேரும் 21,000 சம்பளத்தைத் தாண்டியவர்கள்.

ஓரமா_நிக்கிறேன்:
அப்போ உங்கள் கதையே அதுதான், இதை விட்டுவிட்டு 14, 41 என்று எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே! மாதச் சம்பளம் 21,000-க்கு மேல் போனால் இஎஸ்ஐ போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் பத்தாயிரம். உங்களுக்கு அந்தக் கதவும் அடைப்பு. சொந்தமாக பாலிசி எடுக்கலாம்தான், ஐம்பது வயதில் சுகரோடு போனால் பிரீமியத்தைப் பார்த்தே பிரஷரும் சேர்ந்து வரும். 2021-ல் நிதி ஆயோக் இந்த நடுவில் மாட்டிக்கொண்ட கூட்டத்தைப் பற்றியே ஓர் அறிக்கை போட்டது, நாட்டில் 30 சதவீதம் பேர், சுமார் 40 கோடி, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருக்கிறார்கள் என்று. சூப்பர்வைசர் ஆக்கியதால் இஎஸ்ஐ போச்சு, இதைத்தான் முதல் பத்தியாக வைக்க வேண்டும்.

களப்பணி_பழையஆள்:
இதோடு ஒன்று செய்யுங்கள். 22 பேர்தானே, நீங்களே கேட்டு எழுதிவிடுங்கள். "காப்பீடு இருக்கா?" என்று கேட்காதீர்கள், இருக்கும் அட்டைகளை எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். போன ஒரு வருடத்தில் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தார்களா, எத்தனை நாள், பணம் எங்கேயிருந்து வந்தது, சேமிப்பா, கடனா, நகையா. ஒரு வருடத்துக்கு மேல் போகாதீர்கள், ஞாபகம் நழுவிவிடும்.

பனியன்கணக்கு:
நேற்றும் இன்றும் சாப்பாட்டு நேரத்தில் கேட்டு முடித்தேன். 22 பேரில் 15 பேர் வீட்டில் ஒன்றுமே இல்லை. நான்கு பேர் சொந்தப் பாலிசி, அதில் ஒருத்தர் பிரீமியம் கட்டாமல் விட்டு எட்டு மாதம் ஆகிறதாம், அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்று தெரியாமல் தனிக்கோடு போட்டிருக்கிறேன். இருவர் வீட்டில் மனைவி வேலை பார்க்கும் இடத்து இஎஸ்ஐ. கடைசி ஆள் பேக்கிங் சூப்பர்வைசர், கையை விரித்து "ஒண்ணும் இல்லப்பா" என்றார். பாட்டி கதை ஞாபகம் வந்து, பர்ஸைக் காட்டுங்க அண்ணா என்றேன். லைசென்ஸுக்குப் பின்னால் அவர் பழைய இஎஸ்ஐ கார்டு, லேமினேஷன் பிரிந்துபோய். மூன்று வருடம் முன்னால் சம்பளம் ஏறியபோதே செல்லாமல் போனது. தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

அதையே ஜெராக்ஸ் எடுத்து மனுவோடு வைக்கலாமா என்று யோசிக்கிறேன், நம்பரை மறைத்துவிட்டு. அக்கா, அப்பா அம்மாவைச் சேர்த்தால் பிரீமியத்தில் பாதி நாங்கள் தருகிறோம் என்று எழுதினால் படியுமா, இல்லை அதைப் பேச்சுவார்த்தைக்கு வைத்துக்கொள்வதா?

பில்கவுண்டர்அக்கா:
பேச்சுவார்த்தைக்கு வையுங்கள் தம்பி. முதலிலேயே இறங்காதீர்கள்.