பொறுப்பை ஏற்பதும் விடுவதும்: காமராஜரிடம் நான் கற்றவை

காமராஜரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மில் பெரும்பாலோர் அவருடைய எளிமையிலேயே நின்றுவிடுகிறோம். கதர்ச் சட்டை, சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் இருந்த வாடகை வீடு, கடைசிவரை விருதுநகரிலேயே வாழ்ந்த தாயார் சிவகாமி அம்மையார் என்று அந்தச் செய்திகள் நமக்கு மனப்பாடம். அவற்றின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் என் அன்றாட வாழ்க்கைக்கு நேரடியாகப் பயன்பட்டது அவருடைய எளிமையைக் காட்டிலும், பொறுப்புகளை அவர் ஏற்ற விதமும் நடத்திய விதமும் விட்டு விலகிய விதமும்தான். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய ஒருவர் 1954 முதல் 1963 வரை ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார் என்றால், மனிதர்களை வைத்து வேலையை நடத்தும் ஓர் அறிவு அவரிடம் இருந்திருக்கிறது. மதுரைப் புறநகரில் உள்ள எங்கள் தெருவின் அளவில் அந்த அறிவைக் கடைப்பிடித்துப் பார்த்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பொறுப்பை மறுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கான பெயர்ப் பட்டியலோடு காந்தியடிகளைக் காண வார்தாவுக்குப் புறப்பட்ட காமராஜர் வழியிலேயே கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே இருக்கும்போதே 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் நகராட்சிக்குச் சென்று அந்தப் பதவியைத் துறந்தார். முழுமையாகச் செய்ய இயலாத பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது அவர் எண்ணம். என் தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த காலத்தில், எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவுக்குப் பொருளாளராக இருக்குமாறு என்னைக் கேட்டார்கள். "பேரு மட்டும் இருக்கட்டும் சார், வேலையை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் குழுவில் ஒருவர். அன்போடு சொல்லப்படும் இந்தச் சொற்களுக்கு இணங்கித்தான் நம் ஊர்களில் எத்தனையோ நாற்காலிகள் ஆள் இருந்தும் காலியாகக் கிடக்கின்றன. நான் மறுத்தேன். சிலருக்கு அது வருத்தம். பிறகு அந்த இடத்துக்கு வந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ரசீதுகளை வாரந்தோறும் கோயில் வாசலில் ஒட்டுமளவுக்குக் கணக்கில் கண்ணாக இருந்தார். நான் பெயருக்கு அமர்ந்திருந்தால் அவருக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

அடுத்தது நான் அதிகம் எழுத விரும்பும் பகுதி. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட கல்வித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பையடுத்து ராஜாஜி விலகியபோது, 1954இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவருக்கான தேர்தல் நடந்தது. காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம், அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93 வாக்குகளும் சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. எட்டுப் பேர் மட்டுமே கொண்ட தம் அமைச்சரவையில் காமராஜர் அந்த இருவரையும் சேர்த்துக்கொண்டார். இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். சுப்பிரமணியத்திடம் இருந்தவை கல்வியும் நிதியும் என்பதை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். மூடப்பட்ட பள்ளிகளைத் திறப்பது, மதிய உணவு வழங்குவது என்று காமராஜர் தம் உயிராகக் கருதிய வேலைகள் அந்தத் துறைகளின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். எதிர்த்து நின்றவரிடம் அலங்காரத்துக்கு ஒரு துறையைக் கொடுக்காமல், தமக்கு மிகத் தேவையான வேலையையே அவர் ஒப்படைத்தார்.

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் தேர்தலில் என்னை எதிர்த்து நின்றவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தெருவில் ஆண்டுதோறும் தேங்கும் மழைநீர்தான் தேர்தலின் ஒரே விவாதம். வடிகாலின் வாட்டமே சரியில்லை, தூர்வாருவதால் மட்டும் பயனில்லை என்பது அவர் வாதம். மிகக் குறைந்த வாக்குகளில் நான் வென்றேன். வடிகால் வேலையை அவரிடமே கொடுக்கப்போகிறேன் என்றதும் என்னோடு நின்ற நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். தோற்றவர் வீட்டு வாசலுக்கு வென்றவர் போய் நிற்பதா என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார்.

நான் போனபோது பெரியவர் முன்கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னாரே தவிர, நெடுநேரம் எதுவும் பேசவில்லை. அவர் துணைவியார் கொண்டுவந்த காபியைக் குடித்து முடித்த பிறகுதான், "உங்களுக்கு எதிரா நின்னவன் நான். நாளைக்கு வேலை கெட்டா என் தலையில போடுறதுக்கா கூப்பிடுறீங்க?" என்று கேட்டார். அந்த ஐயம் நியாயமானது. பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை அவர் தம் பணிக்காலம் முழுவதும் பார்த்திருப்பார். வடிகால் கணக்கில் பணம் எடுக்க என் கையெழுத்தோடு அவர் கையெழுத்தும் தேவைப்படும்படி தீர்மானம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். "நாளைக்குக் காலையில ஒரு கொத்தனாரை வரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் நீண்ட பிளாஸ்டிக் குழாய். அதில் நீரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி, ஒவ்வொரு வீட்டுச் சுற்றுச்சுவரிலும் ஒரே மட்டத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். அந்தக் கோட்டிலிருந்து வடிகாலின் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தபோது தெருவின் நோய் எல்லோருக்கும் விளங்கியது. வண்டி ஏற்றுவதற்காகச் சில வீட்டார் வடிகாலுக்குள் இறக்கிக் கட்டியிருந்த சாய்தளங்கள் நீரின் வழியை அடைத்திருந்தன. அவற்றில் மிகப் பெரியது எனக்காக வீடு வீடாக வாக்குக் கேட்ட ஒருவருடையது. அவர் முதலில் ஏற்கவில்லை. பொறியாளர் அவரோடு வாதாடாமல், "இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று குழாயின் மறுமுனையை அவர் கையில் கொடுத்து, அளவை அவரையே படிக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாய்தளத்தை அவரே ஆள் வைத்து உடைத்தார்.

இந்த வேலைக்கான பணத்தைத் திரட்டியபோது எங்கள் தெருவின் மூத்தவர் ஒருவர் கூறிய செய்தி உதவியது. 1950களின் இறுதியில் கிராமத்துப் பள்ளியில் படித்தவர் அவர். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு காமராஜரின் ஆதரவோடு நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர்மக்கள் தங்களால் இயன்ற பொருள்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். தம் பள்ளிக்குப் பெஞ்சு கொடுத்தவர், மணி கொடுத்தவர், மதிய உணவுக்கு நெல் அளந்தவர் என எல்லோருடைய பெயரும் ஒரே பலகையில் ஒரே அளவு எழுத்தில் எழுதப்பட்டிருந்ததை அவர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதும் அவருக்கு மறக்கவில்லை. தம் வீட்டுத் திண்ணையில் அதுவரை ஏற அனுமதிக்கப்படாத பிள்ளைகள் தம் அருகில் அமர்ந்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். நாங்களும் வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை விதிக்காமல், இயன்றதைக் கேட்டோம். ஒருவர் ஜல்லி இறக்கினார். கொத்தனார் ஒருவர் ஒரு நாள் கூலியை வேண்டாம் என்றார். வாடகைக்குக் குடியிருந்த ஒரு அம்மா வேலையாட்களுக்கு இரு வேளையும் தேநீர் கொடுத்தார். சங்கப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அதுவரை சங்கக் கூட்டங்களுக்கு அழைக்கப்படாத வாடகைக் குடும்பங்கள் அதன் பிறகு கூட்டத்துக்கு வரத் தொடங்கின.

இப்படிச் செய்தால் எதிர்த்தவர் நண்பராகிவிடுவார் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பொறியாளர் அதற்குப் பின்னும் ஒவ்வொரு கூட்டத்திலும் என் கணக்கைக் குடைந்து கேள்வி கேட்டார். காமராஜரும் சுப்பிரமணியமும்கூட 1969இல் காங்கிரஸ் பிளவுபட்டபோது எதிரெதிர் அணிகளில் நின்றார்கள். அதனால் அவர்கள் சேர்ந்து திறந்த பள்ளிகள் எதுவும் மூடப்படவில்லை. ஒத்துப்போகும் மனம் இல்லாமலும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பது, குடும்பத்தில் சொத்துப் பேச்சு வந்தபோதும் அலுவலகத்திலும் எனக்குப் பெரிதும் கைகொடுத்திருக்கிறது.

விலகுவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. கட்சிப் பணிக்காக மூத்தவர்கள் பதவி துறக்க வேண்டும் என்ற தம் திட்டத்தின்படி 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அந்தத் திட்டத்தில் ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் பதவி துறந்தனர். நான்காண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் அவரே 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அவர் விலகியிருக்கக் கூடாது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு என்று அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல இருந்ததால் அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. ஆனால் ஒருவர் விலகும்போது அவரிடம் இருந்த மக்கள் தொடர்பு, நாற்காலியோடு சேர்ந்து அடுத்தவருக்குப் போய்விடுவதில்லை என்பதை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆகவே என் பதவிக்காலத்தின் கடைசி ஆண்டு முழுவதும், அடுத்து வரக்கூடியவர் என்று பலரும் கருதிய இளம் மருந்தாளுநர் ஒருவரை வார்டு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உடன் அழைத்துச் சென்றேன். புகார் மனுக்களில் அவரைக் கையெழுத்திடச் செய்தேன். மீண்டும் போட்டியிடுமாறு சொன்னவர்களிடம் மறுத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பெண்தான் செயலாளர். நான் போற்றி வைத்திருந்த ரசீதுப் புத்தக முறையை நிறுத்திவிட்டு, சந்தாவைக் கைப்பேசி வழியாக வாங்குகிறார். முதியோர் வீடுகளுக்கு மட்டும் நேரில் போகிறார். கேட்டால் ஒழிய நான் எதுவும் சொல்வதில்லை. இந்த ஆண்டு பருவமழைக்கு முன்பாகக் கண்மாய்ப் பக்கத்து வடிகாலை அகலப்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. ஆழப்படுத்தினால் போதும் என்கிறார் பொறியாளர். எங்கள் இருவரையும் அளவுகளோடு வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார் செயலாளர்.